ஆன் ஆகுதுங், ஆனா உள்ள போகமாட்டேங்குது

துடியலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர்களிடம் அதிகம் வரும் புகார் இதுதான். சொல்கிறவர் லேத் பட்டறைக்காரராக இருக்கலாம், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர் அம்மாவாக இருக்கலாம், என்ஜிஜிஓ காலனியிலிருந்து வரும் ரிடையர்டு வாத்தியாராக இருக்கலாம். லோகோவோடு நிற்கும், புள்ளி சுற்றிக்கொண்டே இருக்கும், நீலத் திரை வரும், தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். இந்த வேலையைக் கற்க வரும் தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும் எனக்குத் தெரிந்ததை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: மெஷின் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள்.

1. வந்தவரை முதலில் பேச விடுங்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங் ஓடீட்டிருந்துச்சு" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. "நேத்து ராத்திரி எப்படிங் ஆஃப் பண்ணுனீங்க?" என்று கேளுங்கள். பாதி விஷயம் அந்தப் பதிலில் வந்துவிடும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கும். இடி இடித்திருக்கும். பையன் பெண்டிரைவ் போட்டிருப்பான். வீடு மாற்றும்போது கேபினெட்டை ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். புதுப் பிரிண்டர் மாட்டியிருப்பார்கள். சொன்னதை ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேல் ஒட்டுங்கள். சாயங்காலம் நாலு மெஷின் மேஜையில் இருக்கும்போது எது யாருடையது, யார் என்ன சொன்னார் என்பது நினைவில் இருக்காது.

2. அடுத்த கேள்வி டேட்டாவைப் பற்றியதாக இருக்க வேண்டும். "உள்ள முக்கியமா என்னங் இருக்குது? வேற எங்கீங்காச்சும் காப்பி இருக்குதுங்களா?" நம் பகுதியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். பட்டறை, மில், ஸ்பேர்ஸ் கடை எல்லோர் கணக்கும் டேலியில் இருக்கிறது. மாதம் பிறந்தால் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள் 3பி போட வேண்டும். 19-ம் தேதி ராத்திரி மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவருக்கு விண்டோஸ் ஒரு பொருட்டே இல்லை. அந்த டேலி ஃபோல்டர்தான் அவருக்கு உயிர். அது சி டிரைவிலா, டி டிரைவிலா என்றுகூட அவருக்குத் தெரியாது. கேட்காமல் பார்மட் போட்டுவிட்டு, "எல்லாம் புதுசு மாதிரி ஆயிருச்சுங்" என்று சொல்லிக் கொடுக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அதைச் சர்வீஸ் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாடிக்கையாளர் வாயால் "பார்மட் பண்ணுங்க" என்று சொன்னாலும், அதில் என்னென்ன அழியும் என்று விளக்கிச் சொல்லி, அவர் புரிந்துகொண்டார் என்று தெரிந்த பிறகே கை வையுங்கள். பாதிப் பேருக்கு டெஸ்க்டாப்பில் இருக்கிற ஃபைலும் பார்மட்டில் போகும் என்பது தெரியாது.

3. எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இதைக் கற்றுக்கொண்டால் இந்த வேலையில் முக்கால் பாகம் கைக்கு வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெஷின் ஆன் ஆவது ஒரே காரியம் போலத் தெரிகிறது. உள்ளே ஒன்றன் பின் ஒன்றாகப் பல காரியங்கள் நடக்கின்றன. பட்டனை அமுக்கியதும் எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட்டுகளைக் கொடுக்க ஆரம்பித்து, அவை நிலைக்கு வந்ததும் "பவர் சரி" என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அது வந்த பிறகுதான் புராசஸர் வேலையைத் தொடங்கும். அடுத்து பயாஸ், இப்போதைய மெஷின்களில் யுஇஎஃப்ஐ, ராமையும் டிஸ்ப்ளேயையும் கீபோர்டையும் சோதிக்கும். இந்தச் சோதனைக்குப் போஸ்ட் என்று பெயர். அது முடிந்தால் கம்பெனி லோகோ வரும். பிறகு பூட் டிவைஸைத் தேடி, அதில் இருக்கும் பூட்லோடரிடம் பொறுப்பை ஒப்படைக்கும். பூட்லோடர் விண்டோஸின் மையப் பகுதியையும் டிரைவர்களையும் ராமில் ஏற்றும். புள்ளிகள் வட்டமாகச் சுற்றுவது இந்த நேரத்தில்தான். கடைசியாக லாகின், டெஸ்க்டாப், கூடவே தானாக எழும் புரோகிராம்கள்.

இப்போது ஒவ்வொரு நிறுத்தத்தையும் பாருங்கள். ஃபேனே சுற்றவில்லை என்றால் கரண்ட், எஸ்எம்பிஎஸ், பவர் பட்டன், போர்டில் ஷார்ட். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு என்றால் ராம், டிஸ்ப்ளே கார்டு, மானிட்டர் கேபிள். லோகோவோடு நின்று கீபோர்டும் வேலை செய்யவில்லை என்றால் யுஎஸ்பியில் மாட்டியிருக்கும் ஏதோ ஒன்று, அல்லது பதில் சொல்லாத ஹார்ட் டிஸ்க். லோகோ தாண்டி "பூட் டிவைஸ் இல்லை" என்று எழுத்து வந்தால் டிஸ்க், கேபிள், பயாஸ் செட்டிங். புள்ளி சுற்றும்போது நின்றாலோ நீலத் திரை வந்தாலோ டிரைவர், அப்டேட், டிஸ்க்கில் கெட்ட செக்டர், சில சமயம் ராம். டெஸ்க்டாப் வந்த பிறகு உறைந்தால் ஸ்டார்ட்டப் புரோகிராம், வைரஸ், வேகம் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்.

புகார் ஒன்றேதான், "உள்ள போகல." ஆனால் எஸ்எம்பிஎஸ் கெட்ட மெஷினுக்கு விண்டோஸ் போட்டுப் பயனில்லை. டிரைவர் கெட்ட மெஷினுக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றினால் வாடிக்கையாளர் பணம் வீண். போர் மோட்டார் பார்க்கிற நம்மூர் மெக்கானிக் எடுத்த எடுப்பில் குழாயை மேலே இழுக்க மாட்டார். ஸ்டார்ட்டரில் ஆம்பியர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆள் வைத்து இழுப்பார். நமக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

4. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பழைய போர்டுகளில் பீப் சத்தம் வரும். விட்டுவிட்டு நீளமாகக் கத்தினால் பெரும்பாலும் ராம். அவார்டு பயாஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை வந்தால் டிஸ்ப்ளே. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும், போர்டு மேனுவலைப் பாருங்கள். புதிய போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு சின்ன எல்இடி இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ஸ்பீக்கர் இல்லாத போர்டுக்கு மாட்ட ஒரு குட்டி ஸ்பீக்கரை எப்போதும் டூல் பாக்ஸில் வைத்திருங்கள். விலை மிகக் குறைவு.

5. மெஷினைக் குறை சொல்வதற்கு முன் வீட்டுக் கரண்டைப் பாருங்கள். கடைக்கு வந்தால் நன்றாக ஓடும், வீட்டுக்குப் போனால் பூட் ஆகாது என்ற கதை துடியலூர், கவுண்டம்பாளையம், வெள்ளக்கிணர் பக்கம் அடிக்கடி கேட்பது. பக்கத்திலேயே லேத், வெல்டிங், பம்ப்செட் மோட்டார் டெஸ்டிங். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் லைனில் வோல்டேஜ் இறங்கும். பழைய எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காமல் ரீஸ்டார்ட் ஆகும். மெஷின் பூட் ஆகிற முதல் நிமிடத்தில்தான் டிஸ்க்கும் புராசஸரும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுக்கின்றன. அதனால் பலவீனம் அங்கே முதலில் தெரியும்.

மல்டிமீட்டரை 750 வோல்ட் ஏசியில் வைத்து, பிளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பாருங்கள்: 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்று இரண்டு வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை என்று சந்தேகப்படுங்கள். மார்ச், ஏப்ரலில் மண் காய்ந்து எர்த் குழி வேலை செய்யாமல் போகும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்; அதற்கும் சரியாகாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். வயரிங்கில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

யுபிஎஸ்ஸையும் சந்தேகப்படுங்கள். 2012 வாக்கில் கோவையில் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது வீட்டுக்கு வீடு யுபிஎஸ்ஸும் இன்வர்ட்டரும் வந்தன. அதன் பிறகு பல வீடுகளில் யுபிஎஸ் பேட்டரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் சக்தி போய்விடும். செத்த பேட்டரியோடு இருக்கும் யுபிஎஸ் வழியாக வருகிற மெஷின் பூட் ஆகும் நேரத்தில் அணைந்தால், முதலில் யுபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாமல் ஒரு சந்தேகம் தீர்ந்தது.

6. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட்டாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். சந்தேகம் என்றால் நல்லதென்று தெரிந்த இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பாருங்கள். உள்ளே பல்லி விழுந்து செத்து ஷார்ட் ஆன எஸ்எம்பிஎஸ்ஸை மழைக்காலத்தில் நிறையப் பார்ப்பீர்கள். அதைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

7. வெளியே மாட்டியிருப்பதை எல்லாம் கழற்றுங்கள். பெண்டிரைவ், பிரிண்டர், வெப்கேம், டாங்கிள், யுஎஸ்பி ஹப், லேன் கேபிள். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மட்டும் இருக்கட்டும். லோகோவோடு நிற்கிற மெஷின்களில் கணிசமானவை இதிலேயே ஓடிவிடும். ஓடினால் ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டிக் குற்றவாளியைப் பிடியுங்கள். இடி மழைக்குப் பிறகு வரும் மெஷினில் லேன் போர்ட்டைக் கவனியுங்கள்; மாடியிலிருந்து இறங்கும் கேபிள் வழியாக மின்னல் உள்ளே வந்திருக்கும்.

8. ராமைக் கழற்றி மாட்டுவது எல்லோரும் செய்வதுதான். சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. பவர் கார்டைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடித்து, தங்கியிருக்கும் கரண்டை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுங்கள். காற்றில் ஈரமே இல்லாத மாசி, பங்குனியில் உடம்பில் இருக்கிற ஸ்டேட்டிக் ஒரு சிப்பைக் கொல்லப் போதும். இரண்டு பக்கப் பிடியையும் தளர்த்தி, ராமை ஓரத்தைப் பிடித்து நேராக மேலே எடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: தங்க நிறப் பற்களில் மங்கலான பழுப்புப் படலம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேயுங்கள். ரப்பர்த் தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டில் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். மாட்டும்போது காடியைப் பொருத்தி, இரண்டு முனையையும் அமுக்கினால் 'டக்' என்று சத்தம் வந்து பிடி தானாக மூடும். ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தால் அது மாட்டியதாகாது.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள், பிறகு மற்றதை. ஒரே ராம் எல்லா ஸ்லாட்டிலும் தகராறு செய்தால் ராம் கெட்டது. எந்த ராமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் தகராறு என்றால் ஸ்லாட் கெட்டது. டிஸ்ப்ளே வந்துவிட்டது என்பதற்காக ராம் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். மெம்டெஸ்ட் 86-ஐப் பெண்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராம் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நீலத் திரை வருகிற மெஷின்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

9. பஞ்சும் புழுதியும். ஸ்பின்னிங் மில் ஆபீஸிலிருந்து வரும் கேபினெட்டைத் திறந்தால் புராசஸர் ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மெத்தை போலப் பஞ்சு படிந்திருக்கும். தடாகம் பள்ளத்தாக்குச் செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. அதற்கு முன் அந்த ரோட்டில் இருந்து வரும் மெஷின்களில் செம்மண் படலம் தனியாகத் தெரியும். இப்போதும் ஆடிக் காற்றில் ஜன்னலோர மெஷின்கள் புழுதியை இழுத்துக்கொள்கின்றன. சூடு தாங்காமல் போகும் புராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆன் செய்து ஒரு நிமிடத்துக்குள் தடாலென்று அணைந்தால், ஆறிய பிறகு இன்னும் கொஞ்சம் நேரம் ஓடினால், ஹீட்சிங்கைப் பாருங்கள். இன்டெல் கூலரின் நாலு கால்களில் ஒன்று கழன்றிருந்தாலும் இதே நிலைதான். சுத்தம் செய்தபின் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விடாதீர்கள். மதர்போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர்கள் கண்ணில் பட்டால், அந்தப் போர்டு போகும் வழியில் இருக்கிறது என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

10. கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர் 2032 பேட்டரி 3 வோல்ட். நூறு ரூபாய்க்குள் முடிகிற இந்தச் சாமான் எத்தனை மெஷின்களைப் பார்மட் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது தெரியுமா? வடமதுரைப் பக்கம் ஒரு ஆபீஸ். சாயங்காலம் கிளம்பும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள், நல்ல பழக்கம்தான். காலையில் ஆன் செய்தால் நீலத் திரை, "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்." டிஸ்க் போய்விட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டார். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி பல வருடம் பின்னால் நின்றது. பேட்டரி செத்துப்போய் பயாஸ் செட்டிங் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பெனி நிலைக்குத் திரும்பியிருந்தது. டிஸ்க் கன்ட்ரோலர் ஏஹெச்சிஐயில் இருந்தது ஐடிஇக்கு மாறிவிட்டது. விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியவில்லை. புதுப் பேட்டரி போட்டு, அந்த ஒரு செட்டிங்கைத் திருப்பி வைத்ததும் பூட் ஆகிவிட்டது. டிஸ்க் நன்றாக இருந்தது, கணக்கும் நன்றாக இருந்தது. ஆகவே நீலத் திரையைப் பார்த்ததும் பயாஸ் தேதியைப் பாருங்கள். பேட்டரி மாற்றினால் மாற்றிய மாதத்தை அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள்.

11. டிஸ்க் சாகிறது என்று சந்தேகம் வந்தால் உடனே கையை நிறுத்துங்கள். 'டிக், டிக்' என்று ஒரே தாளத்தில் சத்தம், லோகோவில் நிமிடக் கணக்கில் நிற்பது, தானாக ரிப்பேர் ஓடி முடியாமல் சுற்றுவது, இவை அடையாளங்கள். இந்த நிலையில் செக் டிஸ்க் ஓட்டுவதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் காரியம். சாகிற டிஸ்க்கை முழுக்கப் படிக்கவும் எழுதவும் வைத்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, முதலில் முக்கியமான ஃபோல்டர்களைக் காப்பி எடுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நலக் குறிப்பைப் பாருங்கள். மாற்றப்பட்ட செக்டர், காத்திருக்கும் செக்டர் ஆகிய இரண்டு வரிகளும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். டிஸ்க் அடையாளமே தெரியாமல், சத்தம் மட்டும் போட்டால் அது டேட்டா ரெகவரி நிபுணரின் வேலை. மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். எஸ்எஸ்டி சத்தம் போடாது. பெரும்பாலும் முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு நாள் காணாமல் போகும். "எஸ்எஸ்டி போட்டாச்சுங், இனி பேக்கப் எதுக்குங்" என்பவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கேபிளையும் மறக்காதீர்கள்: சாட்டா கேபிள் ஒன்று தளர்ந்திருந்தாலும் டிஸ்க் செத்ததுபோலவே நடிக்கும்.

12. சேஃப் மோடை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7 வரைக்கும் எஃப்8. இப்போது அப்படி இல்லை. லாகின் திரை வரைக்கும் வந்தால் ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். வராவிட்டால், இரண்டு மூன்று தடவை பூட் தோற்றதும் மெஷினே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. சேஃப் மோடில் அத்தியாவசிய டிரைவர்கள் மட்டுமே ஏறும். அதில் மெஷின் நிம்மதியாக ஓடினால் இரும்புச் சாமான் பெரும்பாலும் சரி, கோளாறு ஏதோ ஒரு டிரைவரிலோ புரோகிராமிலோ என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசியாகப் போட்டதை எடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் அதே ரிப்பேர் திரையில் அப்டேட்டை நீக்கவும், சிஸ்டம் ரெஸ்டோர் செய்யவும் வழி இருக்கிறது. பார்மட் போடுவதற்கு முன் இந்த இரண்டையும் முயலாதவரை நான் டெக்னீஷியன் என்று சொல்ல மாட்டேன்.

சேஃப் மோடின் மதிப்பு உலகத்துக்கே தெரிந்த நாள் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம், கம்பெனி மெஷின்களில் ஓடும் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு நம் நேரப்படி காலை பத்து மணிக்குச் சற்று முன் ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. அதில் இருந்த பிழையால் மெஷின்கள் நீலத் திரைக்குப் போய், ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி நீலத் திரைக்குப் போயின. சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் பூட்டே ஆகாத மெஷின் இன்டர்நெட்டுக்கு எப்படிப் போகும், திருத்தத்தை எப்படி வாங்கும்? ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடுக்குப் போய், பெயரில் 291 என்ற எண் உள்ள ஒரே ஒரு ஃபைலை அழித்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு மெஷின் ஒன்றுக்குச் சில நிமிட வேலை. சரவணம்பட்டி, பீளமேட்டு ஐடி கம்பெனிகளில் சேரப் போகிற பிள்ளைகள் இந்த ஒரு சம்பவத்தை முழுக்கப் படித்துக்கொள்ளுங்கள்.

13. பிட்லாக்கர் கீ. முந்தைய குறிப்போடு ஒட்டிய எச்சரிக்கை இது. அன்று பல கம்பெனிகள் நாள்கணக்கில் திணறியதற்கு ஒரு காரணம், சேஃப் மோடுக்குள் போகவே, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீ கேட்டதுதான். இப்போது வாங்கும் விண்டோஸ் 11 லேப்டாப்களில் பெரும்பாலும் வாடிக்கையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. பயாஸில் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ மாற்றினால், மதர்போர்டு மாற்றினால், அடுத்த பூட்டில் அந்த 48 எண்களைக் கேட்டு நிற்கும். கீ இல்லையென்றால் அந்த டேட்டாவை யாராலும் திறக்க முடியாது. ஆகவே லேப்டாப் பயாஸைத் தொடும் முன் வாடிக்கையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அவரையே நுழையச் சொல்லி, கீயைக் காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பாஸ்வேர்டை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

14. ஆஃப் செய்தாலும் முழுக்க ஆஃப் ஆகாது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று வந்தது. ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதியை டிஸ்க்கில் அப்படியே சேமித்து, அடுத்த நாள் அதையே எடுத்து ஓட்டும். அதில் கோளாறு படிந்தால் தினமும் அதே கோளாறு வரும். காலையில் உறைகிறது, ரீஸ்டார்ட் கொடுத்தால் சரியாகிறது என்று ஒருவர் சொன்னால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திப் பாருங்கள். டெஸ்க்டாப் வந்தபின் திணறினால் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பட்டியலைக் குறையுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள்.

15. அரசு லேப்டாப். 2011-ல் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. எல்காட் வழியாக வந்த அவற்றில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தது. இடம் பற்றவில்லை என்று லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் அடுத்த பூட்டில் கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்று நின்றுவிடும். பூட்லோடரின் முதல் துண்டு டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கிறது, மிச்சம் அழிந்த பார்ட்டிஷனில் இருந்தது, அவ்வளவுதான். விண்டோஸ் டிஸ்க் போட்டு, கமாண்டில் பூட்ரெக் கொடுத்து மாஸ்டர் பூட் ரெக்கார்டை எழுதினால் முடிந்தது. பார்மட் தேவையே இல்லை. அந்த லேப்டாப்கள் இன்றும் பல வீடுகளில் தம்பி தங்கைகள் கையில் ஓடுகின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மெஷின்களில் குறுக்கு வழியில் அதைத் திணித்து, பூட் ஆகாமல் திரும்பக் கொண்டுவருகிறார்கள். டேலி வேண்டாத, படிப்புக்கு மட்டும் வேண்டிய வீடுகளுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் காட்டுங்கள். கிராக் செய்த விண்டோஸ் மட்டும் போடாதீர்கள். அடுத்த மாதம் அதே மெஷின் அதே மேஜைக்கு வரும்.

16. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ராமையும் கேபிளையும் பயாஸ் செட்டிங்கையும் ஒரே நேரத்தில் மாற்றி மெஷின் ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று உங்களுக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஓடிய உடனே போனைப் போட்டு "வந்து எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லாதீர்கள். ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஆன் செய்யுங்கள். கெப்பாசிட்டர் கோளாறு, சால்டர் விரிசல், பேட்டரிக் கோளாறு எல்லாம் குளிர்ந்த பூட்டில்தான் வெளிப்படும். விண்டோஸில் ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. எந்தத் தேதியில் எது விழுந்தது என்று நாள்வாரியாகக் காட்டும். அதையும் ஒரு தடவை பாருங்கள்.

17. பில்லில் செய்த வேலையை எழுதுங்கள். "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரே வரி போதாது. என்ன கோளாறு, என்ன மாற்றினீர்கள், என்ன சோதித்தீர்கள் என்று தமிழில் நாலு வரி. ரப்பரால் தேய்த்து ஓடிய மெஷினுக்கு ராம் மாற்றியதாகக் காசு வாங்காதீர்கள். மெஷினை ஒப்படைக்கும்போது அவர் முன்னாலேயே ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்து காட்டுங்கள். அவருடைய டேலி ஃபோல்டரைத் திறந்து காட்டுங்கள். ஒரு வெளி டிஸ்க் வாங்கி வாரம் ஒரு தடவை அதைக் காப்பி எடுக்கச் சொல்லி, எப்படி எடுப்பது என்று அவர் கையாலேயே செய்ய வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தைப் பில்லோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கெட்டுப்போனாலும் அது அவருடைய பொருள்.